என்ஜின் லைட் விட்டு விட்டு எரிகிறதா? 46,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன், நீங்களாவது உஷாராக இருங்கள்

நேற்று ராத்திரி பத்து மணிக்குத்தான் விஷயம் புரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. விட்டு விட்டு எரிகிற என்ஜின் லைட்டுக்கு வீட்டிலேயே காரணம் பார்ப்பது எப்படி என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் என் 46,500 ரூபாய் எப்படிப் போனது என்று சொல்லிவிடுகிறேன்.

வண்டி பெட்ரோல் கார், 2017 மாடல். வேளச்சேரியில் எங்கள் குடியிருப்பில் வண்டி திறந்தவெளியில்தான் நிற்கும். ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு குலுக்கல், அப்புறம் மஞ்சள் விளக்கு. இரண்டு நாளில் அதுவே அணைந்துவிடும். மறுபடி மழை பெய்தால் மறுபடி விளக்கு.

மெயின் ரோட்டில் எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஓனரே வந்தார். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஸ்கேனரை மாட்டி, ஸ்கிரீனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதான் புகையைச் சுத்தம் பண்ற பார்ட், போயிடுச்சு சார். அம்மாவை வச்சுக்கிட்டு திருவண்ணாமலை போறேன்னு சொல்றீங்க, திண்டிவனம் தாண்டறதுக்குள்ள நின்னுடும். என் வண்டியா இருந்தா நான் எடுக்க மாட்டேன்."

என் வண்டியா இருந்தா என்றாரே, அதில்தான் விழுந்தேன். அம்மாவுக்கு 71 வயது. தீபத்துக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த ஸ்கிரீனில் என்ன எரர் கோடு (எந்தக் கோளாறு என்று சொல்கிற எண்) இருந்தது என்று நான் படிக்கவே இல்லை. போட்டோ எடுக்கவும் தோன்றவில்லை. ஜிஎஸ்டி பில் போட்டால் இன்னும் கூடும் என்றார், சரி, பில் வேண்டாம் என்றேன். துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு 46,500 ரூபாயைப் போனிலேயே அனுப்பினேன். விளக்கு அணைந்திருந்தது. சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

நான்காம் நாள் மழை. விளக்கு எரிந்தது.

போன் பண்ணினால், "புது பார்ட் செட் ஆகணும் சார், ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டுங்க." ஓட்டினேன். அடுத்து, "எந்த பங்க்ல பெட்ரோல் போட்டீங்க? தண்ணி கலந்திருக்கும்." அடுத்து, "ஓனர் ஊர்ல இல்லை." நேரில் போய்ப் பழைய கன்வெர்ட்டரையாவது கொடுங்கள் என்றேன். ஸ்கிராப்புக்குப் போய்விட்டதாம்! அதில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது, பழசுக்கே நல்ல விலை என்பது என் மச்சான் சொல்லித்தான் தெரியும்.

மச்சான் முந்தாநாள் தீப்பெட்டி அளவில் ஒரு ஓபிடி டாங்கிள் கொண்டுவந்தான், எரர் கோடைப் போனில் காட்டுகிற கருவி. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகி, போனில் ஆப்பைத் திறந்தான். "மாமா, கன்வெர்ட்டர்னா பி0420 மாதிரி வரணும். இது பி0302. ரெண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது அதுல பெட்ரோல் சரியா எரியலை." கோடு விழுந்த நேரத்தில் என்ஜின் சூடு 34 டிகிரி என்றும் ஆப்பிலேயே இருந்தது. அதாவது காலையில் ஸ்டார்ட் பண்ணின உடனே விழுந்திருக்கிறது. இரண்டாவது சிலிண்டரின் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற பார்ட்) கழற்றி மூன்றாவது சிலிண்டரில் மாட்டினான். நேற்று ராத்திரி பார்த்தால் கோடு பி0303. காயிலோடு கோளாறும் மூன்றாவதற்குப் போயிருக்கிறது. கழற்றிப் பார்த்தோம். காயிலின் ரப்பர் உறையில் முடி அளவுக்கு ஒரு வெடிப்பு, அதன் ஓரமாகச் சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று. ஈரம் பட்டால் கரண்ட் அந்த வழியாகக் கசிகிறது. புதுக் காயில் 2,600 ரூபாய். நான் அழுதது 46,500 ரூபாய்!

விளக்கை அணைத்தது புது கன்வெர்ட்டர் இல்லை. ஸ்கேனரில் எரரை கிளியர் பண்ணியிருக்கிறார்கள், அவ்வளவுதான். கோளாறு திரும்ப வராமல் தொடர்ந்து மூன்று தடவை ஸ்டார்ட் பண்ணி ஓட்டினாலே பொதுவாக அந்த விளக்கு தானாக அணையும். அணைந்த விளக்கைக் காட்டியே காசு வாங்கிவிட்டார்கள்.

விவரமாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது பொறுமையில்லை. எரர் கோடைப் போட்டோ எடுக்காமல் யாரையும் கிளியர் பண்ண விடாதீர்கள். சில கார்களில் பெட்ரோல் மூடி சரியாக மூடாவிட்டாலும் விளக்கு வரலாம், முதலில் அதைப் பாருங்கள். ஓட்டும்போதே விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் மட்டும் மேலே ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் போய் நல்ல கன்வெர்ட்டரையே கெடுத்துவிடும். பழைய பார்ட்டைக் கையோடு வாங்குங்கள். பில் வாங்குங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் கொடுக்கப் போகிறேன். கையில் இருப்பது துண்டுச் சீட்டும் பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டும்தான். அதற்கு முன்னால், நாளைக் காலை அந்தக் காயிலை எடுத்துக்கொண்டு அங்கே போகிறேன். மச்சானும் வருகிறான்.