அவாஹி: விண்டோஸ், லினக்ஸ், மேக் கலந்த வீட்டுக்கு ஏற்ற மென்பொருள்

வீட்டு நெட்வொர்க்கில் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் சேர்ந்தவுடன் ஒரு மெஷினை இன்னொன்று பெயர் சொல்லித் தேடினால் கிடைக்காத பெயர்ச் சிக்கல் தொடங்கிவிடும். ஐபி எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு ஓட்டலாம், ஆனால் ரவுட்டர் வேறு எண்ணைக் கொடுத்துவிட்டால் அதுவும் போச்சு. லினக்ஸ் பக்கம் இதற்கு அவாஹிதான் என் முதல் தேர்வு, தயங்காமல் போடலாம்.

ஒரு மெஷினின் பெயருக்கு ஐபி எண் வேண்டுமென்றால் அவாஹி 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் (பல மெஷின்களுக்கு ஒரே நேரத்தில் போகும்) முகவரிக்கு, யுடிபி 5353 போர்ட்டில், "இந்தப் பெயர் யாருடையது?" என்று பொதுவாகக் கேட்டுவிடும், உரிய மெஷின் தானே பதில் சொல்லும், நடுவில் சர்வர் எதுவும் கிடையாது. இதுதான் எம்டிஎன்எஸ். மேக்கில் பான்ஷூர் என்ற பெயரில் இருப்பதும் இதேதான், விண்டோஸ் 10 முதல் அங்கேயும் உள்ளேயே வருகிறது. பெயருக்குப் பின்னால் .லோக்கல் சேர்த்து அடித்தால் போதும். விண்டோஸின் பழைய பெயர்த் தேடல் முறையான நெட்பயாஸ் வழியில் பெயருக்கு 15 எழுத்துதான், ஐபிவி6 (புதிய வகை ஐபி எண்) அறவே கிடையாது, இன்னும் அதைப் பிடித்துக்கொண்டிருக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

குறை என்றால் நிறுவுவதில்தான். டெபியன் லினக்ஸ் சர்வரில் அவாஹி-டீமன் பேக்கேஜை மட்டும் போட்டால் உங்கள் மெஷினின் பெயர் வெளியே தெரியும், மற்ற மெஷின்களின் பெயர் உங்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். அதற்கு லிப்-என்எஸ்எஸ்-எம்டிஎன்எஸ் என்ற தனி பேக்கேஜும் வேண்டும், பெயரை எங்கெங்கே எந்த வரிசையில் தேடுவது என்று சொல்லும் என்எஸ்ஸ்விட்ச் ஃபைலில் ஹோஸ்ட்ஸ் வரியில் எம்டிஎன்எஸ்4_மினிமல் என்பது வழக்கமாகச் சர்வரிடம் பெயரைக் கேட்கும் டிஎன்எஸ்-க்கு முன்னால் இருக்க வேண்டும். இந்த ஒரு வரியின் வரிசை தப்பினால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தோன்றும், பெயர் மட்டும் கிடைக்காது, புதிதாக வருபவர்கள் பாவம், இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். என்எஸ்லுக்கப் கமாண்டை வைத்துச் சோதிக்காதீர்கள், அது இந்த வரியைப் பார்க்காமல் நேராக டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும், அதனால் இல்லை என்றே சொல்லும். கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் அல்லது அவாஹி-ரிசால்வ் கமாண்டை வைத்துப் பாருங்கள். விண்டோஸ் மெஷினைப் பிங் செய்யும்போது பதில் வராவிட்டாலும் பெயருக்கு எதிரே ஐபி எண் வந்துவிட்டதா என்று கவனியுங்கள், வந்திருந்தால் பெயர் விஷயம் முடிந்தது, தடுப்பது ஃபயர்வால்.

புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டி போல ஓட்டும் டாக்கர் இருக்கும் மெஷினில் இன்னொரு தொல்லை: டாக்கரின் உள் முகவரியையும் அவாஹி சேர்த்து அறிவித்துவிடும். அவாஹியின் கான்ஃபிக் ஃபைலில் டினை-இன்டர்ஃபேசஸ் வரியில் டாக்கர்0 சேர்த்தால் சரியாகும். ஒரே பெயரில் இரண்டு மெஷின் இருந்தால் ஒன்றின் பின்னால் -2 என்று தானே சேர்த்துக்கொள்ளும், அது நல்ல ஏற்பாடு.

அப்புறம், இந்த மல்டிகாஸ்ட் ரவுட்டரைத் தாண்டாது. கெஸ்ட் வைஃபையில் இருக்கும் லேப்டாப்புக்கு உள்ளே இருக்கும் மெஷினின் பெயர் தெரியவில்லை என்றால் அவாஹியைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு நெட்வொர்க்கிலும் கால் வைத்த மெஷின் ஒன்று இருந்தால் அதில் ஒரு பக்கக் கேள்வியை மறுபக்கம் அனுப்பும் அவாஹியின் ரிஃப்ளெக்டர் வசதியை எனேபிள் செய்யலாம், ஆனால் அது பெயரை மட்டும்தான் கடத்தும், மெஷினை அணுக ரவுட்டரில் தனியாக வழி திறக்க வேண்டும்.