சமன்பாட்டைத் தீர்க்கத் தராசு முறையா, பக்கம் மாற்றும் முறையா?

உடன்குடிக் கருப்பட்டி ஒரே எடையில் 5 வட்டு, கூடவே 200 கிராம் எடைக்கல். இது இடது தட்டு. வலது தட்டில் அதே எடையுள்ள 2 வட்டு, 950 கிராம் எடைக்கல். தராசு முள் நேராக நிற்கிறது. ஒரு வட்டின் எடையைக் 'க' என்று வைத்தால்:

5க + 200 = 2க + 950

தராசு முறையில், இரண்டு தட்டிலிருந்தும் 2 வட்டை எடுக்கிறோம்: 3க + 200 = 950. இரண்டிலிருந்தும் 200 கிராமை எடுக்கிறோம்: 3க = 750. இரு பக்கத்தையும் 3 ஆல் வகுக்கிறோம்: க = 250 கிராம்.

பக்கம் மாற்றும் முறையில் 5க − 2க = 950 − 200 என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். நேரம் மிச்சம். ஆரியபட்டர் 499இல் சொன்ன விதியும் இதுதான். தெரியாத பொருளைக் குளிகா என்றும், தெரிந்த பணத்தை ரூபகா என்றும் அழைத்து, ரூபகாக்களின் வித்தியாசத்தைக் குளிகாக்களின் வித்தியாசத்தால் வகுக்கச் சொன்னார். நம் கணக்கில் வட்டு குளிகா, எடைக்கல் ரூபகா. ரூபகாவில் வலதிலிருந்து இடதைக் கழித்தால் குளிகாவில் இடதிலிருந்து வலதைக் கழிக்க வேண்டும். இரண்டையும் ஒரே திசையில் கழித்தால் −250 வரும்.

பாளையங்கோட்டையில் டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளும் அம்பாசமுத்திரத்துப் பிள்ளைகளும் ஒரே பாட்டைத்தான் பாடுவார்கள்: "பக்கம் மாறினால் குறி மாறும்." தப்பு தொடங்குவது இந்த வாக்கியத்தில்தான். −3க = 12 என்று கொடுத்துப் பாருங்கள். சிலர் −3 ஐ அந்தப் பக்கம் கொண்டுபோய் 12 + 3 = 15 என்பார்கள். சிலர் குறியை மாற்றி 12 ÷ 3 = 4 என்பார்கள். சரியான விடை −4. அந்த −3 'க'வைப் பெருக்கிக்கொண்டு நிற்கிறது. பக்கம் மாறினால் வகுக்கும், ஆனால் அதன் மைனஸ் அப்படியே இருக்கும். மாறுவது குறி அல்ல, செயல்: கூட்டல் கழித்தலாகும், பெருக்கல் வகுத்தலாகும். "செயல் மாறும்" என்று சொல்லிக்கொடுத்தால் இந்தப் பிழையில் பாதி அங்கேயே நின்றுவிடும்.

பின்னமாக வந்தால் தராசுக்கே என் ஓட்டு.

க/4 + 5 = க/2 − 1

பலர் 4 ஆல் பெருக்கும்போது பின்னத்தை மட்டும் பெருக்கி, க + 5 = 2க − 1 என்று எழுதி, 6 என்பார்கள். தட்டை மனதில் வைத்த பிள்ளை தட்டில் உள்ள எல்லாவற்றையும் நாலு மடங்காக்கும்: க + 20 = 2க − 4. விடை 24.

தராசுக்கும் ஒரு எல்லை உண்டு. 7 − 2க = 15 என்றால் மைனஸ் 2 வட்டைத் தட்டில் எப்படி வைப்பது? அந்த இடத்தில் படத்தை விட்டுவிட்டு, இரு பக்கமும் ஒரே வேலையைச் செய்வது என்ற விதியை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். இரு பக்கமும் 2க கூட்டினால் 7 = 15 + 2க; 15 ஐக் கழித்தால் −8 = 2க; விடை −4.

பின்னோக்கிப் போவதும் ஒரு வழி. ஒரு எண்ணை 4 ஆல் பெருக்கி 7 கூட்டினால் 35 என்றால், 35 இல் 7 போக 28, நாலால் வகுக்க 7. மனக்கணக்குக்கு இதைவிட வேகமானது இல்லை, ஆனால் 'க' இரண்டு பக்கமும் இருந்தால் உதவாது. எண்களைப் போட்டுப் பார்ப்பது முழு எண் விடைக்கு மட்டுமே சரி; 7க + 3 = 12 இல் 9/7 ஐத் தடவித் தேட முடியாது.

அடைப்புக்குறியில் எந்த முறையும் காப்பாற்றாது. 20 − 3(க − 2) = 5 இல் −3 உள்ளே போகும்போது −2 உடன் சேர்ந்து +6 ஆகிறது. −6 என்று எழுதியவர்களுக்கு 3 வரும், விடை 7.

ஆறாம், ஏழாம் வகுப்பில் தராசையே வைத்துக்கொள்ளலாம். இரு பக்கமும் என்ன செய்தோம் என்று ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எழுதவையுங்கள். அதை எழுதாமலே சரியாகச் செய்யத் தொடங்கியபின் பக்கம் மாற்றச் சொல்லிக்கொடுங்கள். விடையைச் சரிபார்க்கும்போது முதல் சமன்பாட்டிலேயே போட வேண்டும்: 5 × 250 + 200 = 1450, 2 × 250 + 950 = 1450. இரண்டாம் வரியில் போட்டுப் பார்த்தால், முதல் வரியிலிருந்து இறங்கும்போது நடந்த தப்பு கண்ணில் படாது.