பழைய பீட்டிலுக்கு ஹீட்டர் வேலை கொடுக்கப் போகிறீர்களா? பணம் கட்டும் முன் படியுங்கள்

இங்கிலாந்தில் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் வைத்திருக்கும் நம் ஆட்கள் சிலராவது இருப்பீர்கள். குளிர்காலம் வருகிறது, ஹீட்டரைச் சரி பண்ணிவிடலாம் என்று ஒர்க்‌ஷாப் தேடிக்கொண்டிருந்தால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புது சாமான் போட்டதாக என்னிடம் 1,180 பவுண்டு வாங்கிக்கொண்டு, வண்டியில் இருந்த பழைய ஓட்டை சாமானுக்கே வெள்ளி நிற பெயிண்ட் அடித்துத் திரும்ப மாட்டிக் கொடுத்தார்கள். பணத்தைக் கூட விடுங்கள். சைலன்சர் புகையைச் சுவாசித்துக்கொண்டே நானும் என் மனைவியும் பென்னைன் மலைத்தொடரைத் தாண்டிப் போய் வந்துகொண்டிருந்தோம்.

ஒர்க்‌ஷாப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது நடக்கிறது. யார்க்‌ஷையர் பக்கம், 'ஏர்கூல்டு வண்டிகளுக்கு நாங்கள்தான்' என்று பலகை வைத்திருக்கும் இடம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வண்டி 1972 மாடல், 1300 இன்ஜின். பீட்டில் ஓட்டாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மற்ற கார்களில் ரேடியேட்டரின் சுடுதண்ணீர்தான் ஹீட்டருக்கும் வரும். பீட்டில் இன்ஜினில் தண்ணீரே கிடையாது. டைனமோ தண்டில் இருக்கும் விசிறி இன்ஜினைக் குளிர்விக்கக் காற்றடிக்கிறது. அதில் ஒரு பங்கு சைலன்சருக்குப் போகும் புகைக்குழாய்களைச் சுற்றியிருக்கும் தகர உறைக்குள் புகுந்து சூடாகி, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிக்குழாய் வழியாக முன்னால் வந்து, காலடியிலும் கண்ணாடியிலும் வீசுகிறது. குழாயும் உறையும் சேர்ந்ததுதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. உள்ளே புகை, வெளியே நாம் சுவாசிக்கப் போகும் காற்று, நடுவில் ஓர் இரும்புச் சுவர். அந்தச் சுவர் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் புகை நேராக வண்டிக்குள் வரும். அதனால் பீட்டிலில் ஹீட்டர் வேலை என்பது சொகுசுக்கான வேலை இல்லை, புகைக்குழாய் வேலை.

பில்லில் எழுதியிருந்தது: ஹீட் எக்ஸ்சேஞ்சர் புதிது ஒரு ஜோடி, கேபிள் இரண்டு, ஹோஸ் இரண்டு, கேஸ்கெட், கூலி. பழைய சாமானைக் கேட்டேன். 'அன்றைக்கே இரும்புக்கடைக்குப் போய்விட்டது' என்றார்கள். வண்டியை எடுத்த அன்று உள்ளே ஒரே காட்டம். 'புது பெயிண்ட் வாசம், சில நூறு மைல் ஓடினால் போய்விடும்' என்றார் உரிமையாளர். இந்தப் பொய்யின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும், ஏனென்றால் அது பாதி உண்மை. புது எக்ஸ்சேஞ்சர் முதல் தடவை சூடாகும்போது மேலே பூசியது கருகி நிஜமாகவே நாறும். ஆனால் அது சீக்கிரம் அடங்கிவிடும். எங்களுக்கு அடங்கவே இல்லை.

சூடும் பெரிதாக வரவில்லை. கேட்டால், 'எல்லா பீட்டிலும் இப்படித்தான், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்' என்று சிரிப்பு. அதோடு, பன்னிரண்டு வோல்ட் ப்ளக் ஹீட்டர் ஒன்றை 45 பவுண்டுக்குத் தலையில் கட்டி, அதற்கு சாக்கெட் பொருத்த தனிக் கூலியும் வாங்கினார்கள். அதன் லேபிளில் 150 வாட் என்று இருந்தது. வீட்டில் வைக்கும் ஃபேன் ஹீட்டர் 2,000 வாட். 150 வாட்டை வைத்துக் கண்ணாடியில் உள்ளங்கை அளவு பனிமூட்டம் கலைக்கலாம், அவ்வளவுதான். ஆனால் அது பன்னிரண்டரை ஆம்பியர் இழுக்கும். இந்த மாடலின் டைனமோ முழு வேகத்தில் சுற்றினாலே 30 ஆம்பியர்தான் தரும், சிக்னலில் நிற்கும்போது அதில் கொஞ்சம் கூட வராது. ஹெட்லைட், வைப்பர், இதோடு அந்தப் பெட்டியும் ஓடினால் பேட்டரிதான் காலி.

'பீட்டில் ஹீட்டர் என்றாலே தண்டம்' என்ற பேச்சை நான் நம்புவதில்லை. எல்லாம் ஒழுங்காக இருந்தால் அந்த ஹீட்டர் நன்றாகவே வேலை செய்யும், என்ன, வண்டி ஓடினால்தான். டிராஃபிக்கில் நின்றால் விசிறி வேகம் குறைந்து சூடும் குறையும். ஐம்பது வருடத்தில் ஒவ்வொரு மெக்கானிக்கும் ஒவ்வொன்றைக் கழற்றி எறிந்திருப்பார்கள். இன்ஜின் சூடாகும்வரை குளிர்காற்றைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் இருக்காது, ஹோஸ் கிழிந்திருக்கும், பெட்டிக்குழாய் துருவில் அரித்துப் போய் சூடெல்லாம் ரோட்டுக்குப் போகும். இந்த ஊரில் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு சும்மா விடுமா? போதாக்குறைக்கு, மலிவு நகல் எக்ஸ்சேஞ்சர்களில் சூட்டைக் காற்றுக்குக் கடத்த உள்ளே இருக்க வேண்டிய அலுமினியத் துடுப்புகள் பேருக்குத்தான் இருக்கும். கடைசியில் பழி வண்டி மேல்.

விஷயம் வெளியே வந்தது தலைவலியால்தான். 'ஏங்க, இந்த வண்டில ஏறினாலே தலை வலிக்குது, இறங்கினா சரியாப் போயிடுது' என்று மனைவி சொல்ல ஆரம்பித்தாள். எனக்கும் தூக்கம் தூக்கமாக வந்தது. ஏறினால் வலி, இறங்கி நல்ல காற்று பட்டால் சரி என்றால் கார்பன் மோனாக்சைடைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அதற்கு நிறம் இல்லை, மணமும் இல்லை. நமக்கு அடிக்கும் நாற்றம் புகையில் கலந்திருக்கும் மற்ற சரக்கு. ஆகவே நாற்றம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும்.

கார்பன் மோனாக்சைடு அளவை எண்ணாகக் காட்டும் அலாரம் ஒன்று வாங்கி வண்டியில் வைத்தேன். எம்62 மோட்டார்வே 372 மீட்டர் உயரத்துக்கு ஏறும் இடம் உண்டு, நாட்டிலேயே உயரமான மோட்டார்வே அதுதான். அந்த ஏற்றத்தில் இன்ஜின் திணறும்போது அலாரம் 130 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு 130 பங்கு) காட்டி அலறியது. ஹீட்டரை மூடி, ஜன்னல்களை முழுக்க இறக்கிவிட்டு அடுத்த எக்ஸிட்டில் இறங்கினோம். வீட்டுக்கு வண்டி லாரியில்தான் வந்தது.

அலாரம் வாங்கும்போது இ.என் 50291-2 என்று போட்டிருப்பதைப் பாருங்கள். கேரவன், படகு மாதிரி ஆடும் இடங்களுக்கான தரம் அது. 50291-1 வீட்டுக்கானது. இன்னொன்று, இவை உடனே கத்தாது. 50 பிபிஎம் என்றால் ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள், 100 என்றால் 10 முதல் 40 நிமிடத்துக்குள், 300 என்றால் 3 நிமிடத்துக்குள் என்று கணக்கு. அரை மணி நேரப் பயணத்தில் சத்தமே வரவில்லை என்பதை வைத்து நிம்மதியாக இருக்க முடியாது. எண் தெரியும் அலாரம் வேண்டும் என்பது அதனால்தான்.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ரிட்டையர் ஆகி வீட்டு ஷெட்டில் வேலை பார்க்கும் பெரியவர். முதலில் இன்ஜினை அணைத்து, சைலன்சர் வாயில் மெஷினால் புகையை ஊதினார். காலடி ஓட்டை வழியாக அது வண்டிக்குள் வந்தது. அப்புறம் ஹோஸைக் கழற்றி உறைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். சுத்தமான காற்று மட்டுமே போக வேண்டிய இடத்தில் கரி படிந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் சுரண்டினால் வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில் பொருக்குப் பொருக்காகத் துரு. விரிசலின் மேல் சைலன்சர் பேஸ்டை அப்பி, டிங்கரிங் கடையில் டென்ட்டுக்குப் பட்டி பார்ப்பதுபோல் தேய்த்து மழுப்பியிருந்தார்கள். ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, அவரிடம் கையெழுத்தோடு ஓர் அறிக்கையும் வாங்கினேன்.

ஒர்க்‌ஷாப்பின் பதில்: 'நாற்பது வருடத்துக்கு மேலான வண்டி, எம்ஓடி (வருடாந்திர வண்டிச் சோதனை) கூடத் தேவையில்லை, எங்களுக்குப் பொறுப்பு இல்லை.' எம்ஓடி விலக்கு இருப்பது நிஜம், 2018 மே மாதத்திலிருந்து அந்த விதி. ஆனால் அது வருடாந்திரச் சோதனைக்கான விலக்கு. புதிது என்று பில் போட்டுப் பழையதை மாட்டுவதற்கு யாரும் விலக்கு கொடுக்கவில்லை. 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி சாமான் சொன்னபடி இருக்க வேண்டும், வேலையும் உரிய கவனத்தோடு செய்திருக்க வேண்டும். அதைச் சொல்லிக் கெடு வைத்துக் கடிதம் போட்டேன். மூச்சு விடவில்லை.

கிரெடிட் கார்டில் கட்டியிருந்தது கைகொடுத்தது. 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவில், 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையுள்ள பொருளுக்கோ வேலைக்கோ கார்டு நிறுவனமும் கூட்டுப் பொறுப்பு. போட்டோ, அறிக்கை, பில் மூன்றையும் அனுப்பினேன், எக்ஸ்சேஞ்சர் வேலைக்கான தொகை முழுவதும் திரும்பி வந்தது. ப்ளக் ஹீட்டரின் 45 பவுண்டு வரவில்லை, அது 100-ஐத் தாண்டவில்லையே. ரொக்கமாகக் கட்டினால் தள்ளுபடி என்று ஆரம்பத்தில் ஆசை காட்டியது எதற்கென்று இப்போது புரிகிறது.

வேலை கொடுப்பவர்களுக்கு: பழைய சாமான் திரும்ப வேண்டும் என்று கொடுக்கும்போதே எழுத்தில் சொல்லுங்கள். மாட்டுவதற்கு முன் புது சாமானை, பெட்டியோடும் தயாரித்தவர் பெயரோடும் போட்டோ கேளுங்கள். 'ஹீட்டர் ஓவர்ஹால்' என்று மொட்டையாகப் பில் போட்டால் வாங்காதீர்கள். பெரியவர் எனக்குத் தேடிக் கொடுத்தது பழைய ஜெர்மன் ஒரிஜினல் ஜோடி, அதே புகைச் சோதனையைச் செய்து காட்டிவிட்டுத்தான் மாட்டினார். தெர்மோஸ்டாட்டும் திரும்ப வந்துவிட்டது. இப்போது மலையேறும்போது காலில் சுடுகிறது, அலாரத்தில் பூஜ்யம்.

உங்கள் வண்டியில் அந்த வேலை முடியும்வரைக்கும் ஹீட்டரை மூடியே ஓட்டுங்கள், ஜன்னல் ஒரு விரல் திறந்திருக்கட்டும். மடியில் வெந்நீர்ப் பை, முழங்காலுக்குக் கம்பளி, இரண்டு சாக்ஸ் போதும். தடிமனான பூட்ஸ் வேண்டாம், அந்தக் குட்டி பெடல்களில் இரண்டையும் சேர்த்து மிதித்துவிடும். கேம்பிங் கேஸ் ஹீட்டரை வண்டிக்குள் பற்றவைக்கும் யோசனை இருந்தால் அடியோடு விட்டுவிடுங்கள்.

புகாரை சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்ற இலவச ஆலோசனை அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்திருக்கிறேன். அங்கிருந்து அது, வியாபார முறைகேடுகளைக் கவனிக்கும் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் துறைக்குப் போகும். அவர்கள் நமக்காகப் பணம் வாங்கித் தர மாட்டார்கள், ஆனால் ஒரே கடை மேல் பல புகார் சேர்ந்தால் நடவடிக்கைக்கு வாய்ப்பு உண்டு. 'பெயிண்ட் வாசம்' கதையைக் கேட்டு வந்தவர்கள் வேறு யாராவது இருந்தால், சாமானைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டு நீங்களும் பதிந்துவிடுங்கள்.