லைப்ரரி புக் தொலைச்சவங்க கவனத்துக்கு: எனக்கு 2 மாச ஸ்டைபண்ட் போச்சு

நேத்து சாயங்காலம் 4 மணிக்கு பணத்த கட்டி ரசீத வாங்கிட்டு வந்தேன். ராத்திரி பூரா தூக்கம் வரல. கோவத்துலதான் டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. மொத்தம் 2 மாச ஸ்டைபண்ட், அதாவது ஆராய்ச்சி பண்றதுக்கு மாசாமாசம் வர்ற உதவித்தொகை. நான் தொலைச்சது ஒரே ஒரு புக்கு. பிஎச்டி பண்றவங்களுக்கு தெரியும், ஸ்டைபண்ட் வர்ற தேதிய வச்சுதான் எங்க மாசமே ஓடும், அதுல 2 மாசம் போச்சுன்னா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

யார் பேரும் போடல. எந்த யூனிவர்சிட்டி, எந்த ஆன்லைன் சைட்டுன்னு கேக்காதீங்க, இன்னும் தீசிஸ் சப்மிட் பண்ணல, எனக்கு அங்க வேலை பாக்கி இருக்கு. ஒண்ணு யூனிவர்சிட்டி லைப்ரரி, இன்னொண்ணு பழைய புக்கு விக்கிற ஒரு ஆன்லைன் தளம், அவ்வளவுதான். கடைசில என்ன பண்ணணும்னு பத்து பாயிண்ட் போடுறேன், அது வரைக்கும் பொறுமையா படிங்க.

புள்ளியியல் புக்கு, ஹார்ட்கவர், செங்கல் மாதிரி கனமா இருக்கும். ரிசர்ச் ஸ்காலருக்கு 30 நாள் லோன். 22வது நாள் பஸ்ல விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான், அதுல நான் சண்டைக்கு வரல. ரெண்டு நாள் டிப்போவுக்கு அலைஞ்சேன், கிடைக்கல. ட்யூ டேட்டுக்கு இன்னும் 5 நாள் இருக்கும்போதே ஒழுங்கா கவுண்டருக்கு போய் நின்னேன். இத நல்லா ஞாபகம் வச்சுக்கோங்க, ட்யூ டேட்டுக்கு முன்னாடியே போயிட்டேன்.

கவுண்டர்ல இருந்தவர் வயசானவர், நல்ல மனுஷன் மாதிரிதான் தெரிஞ்சுது. "பதறாத தம்பி, இது தினமும் நடக்கறதுதான், அதே புக்க அதே எடிஷன்ல வாங்கி கொடுத்துடு, முடிஞ்சுது கதை, ஃபைன் எல்லாம் ஒண்ணும் வராது"ன்னாரு. அப்படியே நெஞ்சுல பால வார்த்த மாதிரி இருந்துது. ரெண்டு தடவ கேட்டேன், "சார் ஃபார்ம் ஏதாவது எழுதி கொடுக்கணுமா"ன்னு. "அதெல்லாம் எதுக்குப்பா, நான்தான் சொல்றேன்ல"ன்னாரு. நானும் தேங்க்ஸ் சார்னு சொல்லிட்டு வந்துட்டேன். இப்ப யோசிச்சா ஒண்ணுதான் கண்ணு முன்னாடி நிக்குது. அவர் கை கீபோர்டு பக்கமே போகல. என் ஐடி கார்ட கூட வாங்கி பாக்கல. அங்கதான் நான் முட்டாள் ஆனேன்.

அன்னைக்கு ராத்திரியே தேட ஆரம்பிச்சேன். பப்ளிஷர்கிட்ட ஸ்டாக் இல்ல, அடுத்த எடிஷன்தான் இருக்கு. லைப்ரரிக்கு அதே எடிஷன்தானே வேணும். பழைய புக்கு தளத்துல ஒரு ஆள் போட்டிருந்தான், ஹார்ட்கவர், அதே எடிஷன், "புதுசு மாதிரியே இருக்கும்"னு. ஃபோட்டோவும் பளபளன்னு இருந்துது. சாட்ல கேட்டேன், ஐஎஸ்பிஎன் நம்பர (ஒவ்வொரு எடிஷனுக்கும் தனியா இருக்கிற அடையாள நம்பர்) அனுப்பி இதேதானான்னு. "ஆமா சார், டிட்டோ சார், லைப்ரரிக்கா? நிறைய பேர் அதுக்குத்தான் வாங்குறாங்க"ன்னான். இந்த ஒரு வரிதான் என்ன கவுத்துது, சரி, நம்மள மாதிரி தொலைச்சவங்க நிறைய பேர் இருக்காங்க போலன்னு ஒரு ஆறுதல். அர மாச ஸ்டைபண்ட் அவனுக்கு போச்சு. 6 நாள்ல வரும்னு போட்டிருந்துது, வந்தது 21வது நாள்.

பிரிச்சு பாத்தேன். அதே அட்டை, அதே எடிஷன், ஐஎஸ்பிஎன் சரியா இருந்துது. ஓரத்துல கொஞ்சம் மஞ்சள், பரவால்லன்னு விட்டுட்டேன். அந்த வாரம் கைடு ஒரு பேப்பர் ரிவிஷனுக்காக என்ன பிழிஞ்சு எடுத்துட்டு இருந்தாரு, அதனால 9 நாள் கழிச்சுதான் லைப்ரரிக்கு எடுத்துட்டு போனேன்.

கவுண்டர்ல இந்த தடவ வேற ஒரு மேடம். என் ஐடிய ஸ்கேன் பண்ணாங்க, ஸ்க்ரீன திருப்பி காட்டினாங்க. ஓவர்ட்யூ, 25 நாள். "மேடம், நான் தொலைஞ்சுதுன்னு அப்பவே வந்து சொன்னேனே." "சிஸ்டம்ல ஒண்ணும் இல்லையே. லாஸ்ட்னு ரிப்போர்ட் பண்ணா அந்த தேதியோட லேட் ஃபைன் நின்னுடும், நீங்க பண்ணலையே." அதாவது நான் அந்த பெரியவர்கிட்ட பேசினது வெறும் காத்து. மீட்டர் அது பாட்டுக்கு ஓடிட்டு இருக்கு, அதுவும் முதல் வாரம் ஒரு ரேட்டு, அதுக்கு மேல இன்னொரு ரேட்டு.

சரி புக்க பாருங்க மேடம்னு நீட்டினேன். முதல் பக்கத்த திறந்தாங்க, நெத்தி சுருங்கிடுச்சு. டைட்டில் பேஜ் இல்ல. கிழிச்சது இல்லைங்க, பிளேடு வச்சு தைச்ச ஓரத்தோட சுத்தமா அறுத்து எடுத்திருக்கான், எனக்கு தெரியவே இல்ல, நான் கடைசி அட்டையில பார்கோடுக்கு மேல இருந்த நம்பர பாத்தே திருப்தி ஆயிட்டேன். அப்புறம் அவங்க பக்கத்த புரட்ட ஆரம்பிச்சாங்க, 21, 31, 51னு ஏதோ தேடுற மாதிரி. ஒரு இடத்துல நிறுத்தி என் பக்கம் திருப்பி வச்சாங்க. ஊதா கலர்ல ஒரு ரப்பர் ஸ்டாம்ப், பக்கத்துல பேனாவுல ஒரு அக்செஷன் நம்பர், அதாவது லைப்ரரி ஒவ்வொரு புக்குக்கும் கொடுக்கிற பதிவு நம்பர். வேற ஒரு காலேஜ் லைப்ரரியோட புக்கு.

சீக்ரெட் பேஜ்னு ஒண்ணு இருக்காம், எனக்கு அன்னைக்குதான் தெரியும். நிறைய லைப்ரரில டைட்டில் பேஜ்ல போடுற ஸ்டாம்ப் போக, உள்ள ஒரு குறிப்பிட்ட பக்கத்துலயும் போடுவாங்களாம், ஒவ்வொரு லைப்ரரியும் தனக்குன்னு ஒரு பக்க நம்பர் வச்சிருக்கும். திருடுறவன் முதல் பக்கத்த கிழிச்சாலும் இத வச்சு மாட்டிப்பான். லைப்ரரியே வேணாம்னு கழிச்சு விட்ட புக்கா இருந்தா கழிக்கப்பட்டதுன்னு தனியா ஒரு முத்திரை இருக்கணும், இதுல அது இல்ல. மேடம் சத்தம் போடல. "இது உங்களுக்கு எங்க கிடைச்சுது"ன்னு மட்டும் கேட்டாங்க. கேட்ட விதம் இருக்கே! பின்னாடி வரிசையில நின்ன ரெண்டு ஜூனியர் பசங்க என்ன திருடன பாக்கற மாதிரி பாத்தானுங்க. தொலைச்ச புக்குக்கு பதிலா திருட்டு புக்க காசு கொடுத்து வாங்கிட்டு வந்திருக்கேன்!

அதுக்கப்புறம் ஆரம்பிச்சது அலைச்சல். அந்த பெரியவர போய் பாத்தேன். "நான் பொதுவா சொன்னேன் தம்பி, ரிப்போர்ட் பண்ண வேணாம்னா சொன்னேன்?" ஃபார்ம் எதுக்குன்னு கேட்டது நீங்கதானே சார்னு கேட்டா, டீ குடிக்க எந்திரிச்சு போயிட்டாரு. அசிஸ்டென்ட் லைப்ரரியன் மெயில் போட சொன்னாரு, போட்டேன், 5 நாள் பதில் இல்ல. நேர்ல போனா "கமிட்டில வைக்கணும்". கமிட்டி எப்ப கூடும்? "கூடும்போது சொல்றோம்." இதுக்கு நடுவுலயும் மீட்டர் நிக்கல பாருங்க, அதான் கொடுமை. அவங்க பதில் சொல்ல எடுத்துக்கிட்ட நாளுக்கும் ஃபைன் என் தலைல. கடைசில கணக்கு முடிக்கும்போது 47 நாள்.

விக்கிறவன் இன்னும் மேல. முதல்ல "அப்படி இருக்காது சார்"ன்னான். ஃபோட்டோ அனுப்பினேன். "ஸ்டாம்ப் இருந்தா என்ன சார், படிக்க முடியுதுல்ல?" இத அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். அடுத்த மெசேஜ் "யூஸ்டு புக்னு தெளிவா போட்டிருக்கோம்." அதுக்கப்புறம் பிளாக். தளத்தோட கஸ்டமர் கேர்ல டிக்கெட் போட்டேன், டெலிவரி ஆகி 7 நாளுக்குள்ள சொல்லலன்னு க்ளோஸ் பண்ணாங்க. மறுபடி போட்டேன், இது திருட்டு சாமான், ரிட்டர்ன் பாலிசி கேள்வியே இல்லன்னு. "உங்கள் பொறுமைக்கு நன்றி"ன்னு ஒரு வரி, க்ளோஸ். மூணாவது தடவ போட்டேன், உங்க அனுபவத்துக்கு ரேட்டிங் கொடுங்கன்னு நட்சத்திரம் அனுப்புறான்.

நோ ட்யூஸ் (பாக்கி எதுவும் இல்லன்னு லைப்ரரி போடுற) கையெழுத்து இல்லாம தீசிஸ் சப்மிட் பண்ண முடியாது, கடைசி தேதி வந்துடுச்சு. வேற வழி இல்லாம கட்டினேன். அந்த கணக்கையும் கேளுங்க. புக்கோட விலைன்னா அவங்க வாங்கின விலை இல்ல, இன்னைக்கு இருக்கிற விலை. பழைய எடிஷன் இப்ப கிடைக்காததால புது எடிஷனோட ஹார்ட்கவர் விலை. அது மேல ப்ராசஸிங் சார்ஜ், கேட்டலாக் பண்றது, டேக் ஒட்டுறது, லேபிள் போடுறதுன்னு. அதுக்கு மேல 47 நாள் லேட் ஃபைன். லைப்ரரிக்கு ஒன்றரை மாசம், அந்த திருடனுக்கு அர மாசம், ஆக 2 மாச ஸ்டைபண்ட். விதிப்புத்தகத்த அப்பதான் முழுசா படிச்சேன், அதுல இன்னொண்ணு இருக்கு, பல வால்யூமா வர்ற புக்குல ஒண்ண தொலைச்சா மொத்த செட்டுக்கும் விலை கட்டணுமாம். என்னோடது நல்லவேளை ஒத்த புக்கு.

ராத்திரி தூக்கம் வராம நெட்ல தேடிட்டு இருந்தேன், வயித்தெரிச்சல் கூடினதுதான் மிச்சம். கேம்பிரிட்ஜ்ல சிட்னி சசெக்ஸ் காலேஜ்ல 1668 வாக்குல ஒரு கர்னல் ராபர்ட் வால்போல் எடுத்துட்டு போன புக்கு, 288 வருஷம் கழிச்சு திரும்பி வந்திருக்கு, ஒரு பைசா ஃபைன் வாங்கல. அது கின்னஸ் ரெக்கார்டு வேற. எனக்கு 47 நாளுக்கு இந்த கதி. அமெரிக்க நூலகச் சங்கம் 2019 ஜனவரியிலயே லேட் ஃபைன் சமூகத்துல ஏற்றத்தாழ்வ உண்டாக்குதுன்னு தீர்மானம் போட்டிருக்கு, அதே வருஷம் சிகாகோ பப்ளிக் லைப்ரரி லேட் ஃபைனையே எடுத்துடுச்சு, 2021ல நியூயார்க்கும். ஆனா அங்கயும் தொலைச்ச புக்குக்கு விலை கட்டித்தான் ஆகணும், அது நியாயம்தான், நானும் அத கேக்கல. புக்கு விலைய மட்டும் வாங்கியிருந்தா வாய மூடிட்டு கட்டிட்டு போயிருப்பேன். என் தொண்டைல முள்ளா நிக்கிறது ஃபைன் வராதுன்னு அவர் சொன்ன வாக்கும் அந்த 47 நாளும்.

இன்னொரு கூத்து. அந்த ஸ்டாம்ப்ல காலேஜ் பேரு பாதிதான் தெரிஞ்சுது, எப்படியோ கண்டுபிடிச்சு அவங்க லைப்ரரிக்கு மெயில் போட்டேன், உங்க புக்கு என்கிட்ட இருக்கு, கொரியர்ல அனுப்பட்டுமான்னு. மறுநாளே பதில் வந்துடுச்சு, அந்த விஷயத்துல எங்காளுங்கள விட தேவல. அந்த நம்பர் புக்கு தொலைஞ்சதா பதிவாகி, எடுத்த ஸ்டூடன்ட்கிட்ட விலை வசூல் பண்ணியாச்சு, அதனால எங்களுக்கு வேண்டாம்னு. ஆக எனக்கு முன்னாடியே ஒரு புள்ள இதே புக்குக்கு அழுதிருக்கு. நான் அழுதது ரெண்டாவது. அந்த புக்கு இப்ப என் மேசை மேல கிடக்கு, அத தொட்டா கை எரியுது.

பத்து பாயிண்ட்னு சொன்னேன்ல, அவ்வளவு தெம்பு இல்ல, சுருக்கமா சொல்லிடறேன். புக்கு தொலைஞ்சா அன்னைக்கே எழுத்துல கொடுங்க, மெயிலாவது போடுங்க, கவுண்டர்ல யார் என்ன தேன் தடவி சொன்னாலும் உங்க லாகின்ல போய் அது "லாஸ்ட்"னு மாறிடுச்சான்னு கண்ணால பாத்துட்டு தூங்குங்க. மாத்து புக்கு வாங்கறதுக்கு முன்னாடி பழைய காப்பி ஏத்துப்பாங்களா, எந்த எடிஷன், எந்த பைண்டிங்னு லைப்ரரிகிட்ட எழுத்துல வாங்குங்க. பழைய புக்கு வந்த அன்னைக்கே டைட்டில் பேஜ் இருக்கான்னு பாருங்க, எல்லா பக்கத்தையும் புரட்டுங்க, 7 நாள் கணக்க மறந்துடாதீங்க. பிரிக்கும்போது வீடியோ எடுங்க. ஆ, இன்னொண்ணு, கட்டின ரசீத தொலைச்சுடாதீங்க, தொலைஞ்ச புக்கு என்னைக்காவது கிடைச்சா சில இடத்துல புக்கு விலைய மட்டும் திருப்பி தருவாங்க, ஃபைனும் ப்ராசஸிங்கும் போனது போனதுதான்.

இன்னைக்கு காலைல வேற ஐடியில இருந்து அந்த தளத்துக்குள்ள போய் பாத்தேன். அதே ஆள், அதே பளபள ஃபோட்டோ, அதே புக்கு. "கடைசி 1 காப்பி மட்டுமே"ன்னு போட்டிருக்கான்.