போவாவுக்கு எந்தப் பெட்டி: கண்ணாடியா, மரமா, பிவிசியா?

நாங்கள் வளர்க்கும் போவா பாம்புக்கு வயது 9. நீளம் 7 அடியை நெருங்குகிறது. கண்ணாடித் தொட்டி, மெலமைன் பூசிய மரப்பலகைப் பெட்டி, பிவிசி என்ற கெட்டி பிளாஸ்டிக் பெட்டி என மூன்றிலும் இருந்து பார்த்துவிட்டாள். பெரிய பாம்புக்கு எது நல்லது என்று கேட்டால், பிவிசி என்றுதான் சொல்வேன். நாங்கள் இருப்பது கனடாவில். இங்குள்ள குளிர்காலம்தான் அந்த முடிவுக்குப் பெரிய காரணம்.

அளவு, சூடு, பூட்டு மூன்றையும் எந்தப் பெட்டியிலும் சரிசெய்துகொள்ளலாம். 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். ஒரு பக்கம் 32 டிகிரி, மறுபக்கம் 26. ஹீட்டர் எதுவானாலும், சூடு ஏறாமல் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கட்டாயம். சிக்கல் ஈரப்பதத்தில்தான்.

போவாவுக்குக் காற்றில் 60 சதவீத ஈரப்பதமாவது வேண்டும். ஜனவரியில் ஹீட்டர் ஓடும் எங்கள் கூடத்தில் அது 25-ஐத் தாண்டாது. கண்ணாடித் தொட்டிக்கு மேலே கம்பிவலை மூடி. விளக்குச் சூட்டில் ஈரக்காற்று மேலேறி வலை வழியாகப் போய்விடும். வலைமேல் அலுமினியத் தாள் ஒட்டினேன், காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். அப்படியும் 45-க்கு மேல் ஏறவில்லை. தரை மட்டும் சொதசொதவென்று ஆகிவிட்டது. காற்று காய்ந்து தரை நனைந்து கிடப்பது பாம்புக்கு ஆகவே ஆகாது. அந்த வருடம் சட்டையைத் துண்டு துண்டாக உரித்தாள். இடது கண்ணின் மேல்தோல் கழலவில்லை. வயிற்றுச் செதில்களில் பழுப்புத் திட்டுகள் வேறு. பார்க்கவே மனசு பதறியது.

மரப்பெட்டி சூட்டை நன்றாகப் பிடிக்கும், விலையும் குறைவு. ஆனால் போவா ஒருமுறை சிறுநீர் கழித்தால் அது கொஞ்சநஞ்சமல்ல. மூலைகளில் சிலிக்கோன் பசை பூசியும், இரண்டாம் வருடம் அடிப்பலகையின் ஓரம் டீயில் நனைத்த பிஸ்கட் போல உப்பிவிட்டது. பலகைக்குள் இறங்கிய ஈரத்தைத் துடைத்தெடுக்க வழியில்லை, நாற்றமும் போகாது. வறண்ட நிலத்துப் பாம்புகளுக்கு மரமே போதும் என்பார்கள். நான் போவா மட்டுமே வளர்த்தவன், அதில் என் சொல்லை நம்ப வேண்டாம்.

பிவிசிக்கு மாறி 4 வருடம். தரையில் 3 அங்குலத்துக்குத் தேங்காய் மட்டைச் சில்லு போட்டிருக்கிறேன். ஊரில் தோப்பு ஓரமாகக் குவிந்து கிடப்பதை இங்கே பொதி பொதியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும். 10 நாளுக்கு ஒருமுறை ஒரு மூலையில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றுவேன், அவ்வளவுதான். அது அடியோடு பரவும். கையை விட்டுப் பார்த்தால் மேலே உலர்ந்த சில்லு, அடியில் விரல்நுனிக்கு ஈரம். ஜனவரியிலும் 60-க்குக் கீழே இறங்குவதில்லை. போன மாதம் உரித்த சட்டை வால்நுனி வரை ஒரே துண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், இரண்டு கண்களின் வட்டத் தோலும் அதிலேயே இருந்தன.

பிவிசியிலும் கவனம் வேண்டும். ஈரத்தைப் பிடிக்கும் பெட்டி காற்றையும் அடைத்து வைக்கும். புழுங்கிய காற்றில் பாம்புக்கு மூச்சுத்தொற்று வரலாம். என் பெட்டியில் காற்றுத்துளைகள் போதாமல், இரு பக்கமும் நானே கூடுதலாகத் துளையிட்டேன். விளக்கின் சூடு நேராகப் பட்டால் பலகை இளகி வளையும் என்பதால், கூரையில் தட்டையான ஹீட்டர் பேனல் பொருத்தியிருக்கிறேன். போவா 20 வருடத்துக்கு மேலும் வாழும். இந்தப் பெட்டி அதுவரை தாங்குமா என்று 4 வருட அனுபவத்தில் சொல்ல முடியாது. பேனலுக்கு மேலே உள்ள பலகையை மாதம் ஒருமுறை அளவுகோல் வைத்துப் பார்க்கிறேன். இதுவரை வளையவில்லை.