சுவர் பட்டனா, பி.எம்.எஸ். ரூமா? ஒரு பாக்நெட் தெர்மோஸ்டாட் ரிவ்யூ

சென்னை ஓ.எம்.ஆரில் ஏழு மாடி ஆபீஸ் பில்டிங் ஒன்றில் ஏசி, எலக்ட்ரிக்கல் இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். மொட்டை மாடியில் தண்ணீரைக் குளிர்விக்கும் ஏர்கூல்டு சில்லர், ஒவ்வொரு கேபினுக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்குள் அந்தத் தண்ணீரால் காற்றைக் குளிர்வித்து ஊதும் ஒரு எஃப்.சி.யு. (ஃபேன் காயில் யூனிட்). போன கோடைக்கு முன்னால் இரண்டு மாடிகளில் பழைய மாட்பஸ் தெர்மோஸ்டாட்களைக் கழற்றிவிட்டு, பாக்நெட் பேசும் மாடலை மாட்டினோம். மாட்பஸ், பாக்நெட் இரண்டும் இந்த மாதிரிக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் மொழிகள். குறையும் சொல்லப்போவதால் கம்பெனி பெயர் வேண்டாம்.

பழையதில் இருந்த தொல்லை எளிமையானது. மாட்பஸ்ஸில் யார் பெரியவர் என்ற கணக்கே கிடையாது. ரெஜிஸ்டரில், அதாவது எண் உட்காரும் இடத்தில், கடைசியாக யார் எழுதினாரோ அவர் வைத்ததுதான். அட்மின் மேடம் குளிர் தாங்காமல் சுவரில் 26 வைப்பார். கால் மணி நேரத்தில் பி.எம்.எஸ்., அதாவது பில்டிங் முழுவதையும் ஒரு ரூமிலிருந்து கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் சிஸ்டம், வந்து 24 என்று எழுதிவிட்டுப் போகும். "தம்பி, இந்த ஏசிக்குப் பேய் பிடிச்சிருக்கா?" என்று போன் வரும். அந்த 24-க்கும் ஒரு கதை உண்டு. 2020 ஜனவரியிலிருந்து ரூம் ஏசிகள் 24 டிகிரியில் செட் ஆகி வர வேண்டும் என்பது விதி. சென்ட்ரல் ஏசிக்கு அந்த விதி பொருந்தாது, ஆனால் எங்கள் மேனேஜ்மென்ட் அதையே பிடித்துக்கொண்டது.

பாக்நெட்டில், செட் டெம்பரேச்சர் மாதிரி வெளியிலிருந்து மாற்றக்கூடிய ஒரு பாயிண்டுக்குப் பதினாறு முன்னுரிமைப் படிகள். 1, 2 உயிர்ப் பாதுகாப்புக்கு, அதாவது தீ, புகை சமாச்சாரம். 8 ஆபரேட்டர் கையால் போடுவது. 16 கடைசி. காலியாக இல்லாத படிகளில் எது மேலே (எண் சிறியதாக) இருக்கிறதோ அது சொன்னபடி நடக்கும்; அதைக் காலி செய்தால் அடுத்தது தானாக வரும். எல்லாமே காலி என்றால் தெர்மோஸ்டாட்டில் முன்பே போட்டு வைத்த டிஃபால்ட் மதிப்பு. காகிதத்தில் அழகு. நடப்பில், நைட் ஷிஃப்டில் ஒருவர் ஸ்கிரீனில் 8-ல் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். அதற்கப்புறம் பி.எம்.எஸ்ஸின் நேர அட்டவணையான ஷெட்யூல் 16-ல் என்ன எழுதினாலும் எடுபடாது, சுவர் பட்டனும் செத்த பட்டன்.

இந்த மாடலை நான் மெச்சுவது இங்கேதான். சுவரில் அழுத்துவது எந்தப் படியில் உட்கார வேண்டும் என்று நாமே செட் செய்யலாம்; நாங்கள் 10 வைத்தோம். இரண்டு மணி நேரம் ஆனதும் தெர்மோஸ்டாட் அந்தப் படியைத் தானே காலி செய்துவிடுகிறது, ஷெட்யூல் திரும்ப வந்துவிடுகிறது. பி.எம்.எஸ். 8-ல் பிடித்து வைத்திருந்தால் டிஸ்ப்ளேயில் பூட்டுப் படம் தெரியும். ஆள் வீணாக அழுத்திக்கொண்டிருக்க மாட்டார். சுவரில் 22-லிருந்து 26 வரைதான் நகர்த்த முடியும் என்று எல்லையும் கட்டலாம். பட்டனை முழுசாக லாக் செய்வது எனக்குப் பிடிக்காது. லாக் செய்தால் சேர் மேல் ஏறி, சீலிங்கில் காற்று வரும் டிஃப்யூசரை அட்டை வைத்து அடைப்பார்கள், அடுத்த கேபின் ஐஸ் பெட்டி ஆகும்.

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கியும் பார்த்தேன். பழையது கடைசியாக வந்த எண்ணையே கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்க ஓடும். இது சற்று நேரம் பார்த்துவிட்டுத் தன் சொந்த ஷெட்யூலுக்கு மாறிக்கொண்டது.

இனி குறை. இ.பி. கரண்ட் போய் டி.ஜி. (டீசல் ஜெனரேட்டர்) ஏறும் அந்தச் சில விநாடிகளில் தெர்மோஸ்டாட் அணைந்து எழுகிறது; எழும்போது பதினாறு படிகளும் காலி. எங்கள் பி.எம்.எஸ்., மதிப்பு மாறினால்தான் எழுதும். ஆகவே அறைகளெல்லாம் டிஃபால்டுக்குப் போயின. ஃபேக்டரி டிஃபால்ட் 21! மே மாதத்தில் இரண்டு மாடிகளும் சேர்ந்து 21 கேட்டால் சில்லர் என்ன பாடுபடும்? வெண்டர் வந்து, தெர்மோஸ்டாட் லைனுக்குத் திரும்பியதும் எல்லாவற்றையும் மறுபடி எழுதும்படி பி.எம்.எஸ்ஸில் மாற்றிக் கொடுத்தார்.

டிஃபால்டை பி.எம்.எஸ்ஸிலிருந்தே அடிக்கடி எழுதிவிடலாமே என்று தோன்றும். கூடாது. அது மின்சாரம் போனாலும் அழியாத மெமரியில் உட்காருகிறது. அந்த மெமரி சுமார் ஒரு லட்சம் முறை எழுதத்தான் தாங்கும் என்று மேனுவலில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் நாளுக்கு 1,440. எழுபதே நாளில் கதை முடிந்தது. இதை முதல் பக்கத்தில் அல்லவா போட்டிருக்க வேண்டும்?

மாட்டுவது சுலபம், பழைய ஆர்.எஸ்.485 கேபிளே போதும். ஆனால் நெட்வொர்க்கில் ஒவ்வொன்றுக்கும் தர வேண்டிய அட்ரஸ் எண்ணை வைக்க டிப் ஸ்விட்ச் (பொடி ஸ்விட்ச் வரிசை) இல்லை, ஒவ்வொன்றிலும் மெனுவுக்குள் புகுந்து அமுக்கி அமுக்கி விரல் வலிக்கும். விலை பழையதைவிட ஒன்றரை மடங்கு.

மீதி ஐந்து மாடிகளுக்கும் இதையே கேட்டிருக்கிறேன். டிஃபால்ட் 24-ல் செட் செய்து அனுப்ப வேண்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் ஒரு வரி சேர்த்தாயிற்று.