கொக்கா கோலா: சுவையல்ல, போத்தல்

நன்றாகக் குளிர்ந்த கொக்கா கோலா வன்னி வெயிலுக்கு இதமானதுதான். சொல்லவேண்டியிருப்பது போத்தலைப் பற்றியே. விற்கும் ஒவ்வொரு போத்தலுக்கும் ரின்னுக்கும் ஈடாக ஒன்றை 2030க்குள் சேகரித்து மீள்சுழற்சி செய்வதாக 2018இல் அறிவித்த நிறுவனம், 2024 டிசெம்பரில் அந்த இலக்கை 70 முதல் 75 வீதமாகக் குறைத்து, காலக்கெடுவையும் 2035க்குத் தள்ளிவைத்தது. பானத்தில் கால்பங்கையாவது மீள்நிரப்பும் போத்தல்களிலோ கலன்களிலோ விற்பதாக 2022இல் கூறியதோ புதிய இலக்குகளில் இடம்பெறவேயில்லை. எனக்கு உறுத்துவது இதுதான். வெறும் போத்தலைக் கடையில் கொடுத்துக் காசைக் கழித்துக்கொள்வது எங்கள் சனத்துக்குப் பழகிய வழக்கம். அதற்கு விளம்பரம்கூடத் தேவையில்லை. எந்த நிறுவனத்தினுடையதாயினும், பிளாஸ்டிக் போத்தல் மூடி வேறு, உடல் வேறாக ஏ9 வீதியோரம் கிடந்து, மாரி மழையோடு வாய்க்காலில் இறங்கிவிடுகிறது. கிளிநொச்சியில் கண்ணாடிப் போத்தல் வைத்திருக்கும் கடை அகப்பட்டால் வாங்குங்கள். இல்லாவிட்டால் இளநீர் போதும்.